அறுபதில் நின்ற வண்டி

2058 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வெப்பம் முப்பத்து மூன்று டிகிரி. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று. வானத்தில் மேகம் இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தொன்று. வாகன மின்னூட்ட ஆய்வர் இன்பரதி இவ்வளவையும் படிவத்தின் முதல் வரியில் தம் கைப்பட எழுதினார். ஈரப்பதம் ஏறினால், மின்கசிவைத் தடுக்கும் மின்காப்பின் அளவு இறங்கும் என்பதால் படிவம் அந்த வரியைக் கேட்டது. கேட்காதிருந்தாலும் அவர் எழுதியிருப்பார்.

இரண்டாம் வரிக்கு அவர் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது.

"சுடலைமணி, உடம்பில உலோகம்?"

"அரைஞாண், மேடம். வெள்ளி."

"பத்தொன்பது வருஷமா வெள்ளி."

"பத்தொன்பது வருஷமா நீங்களும் கேக்கீங்க, நானும் சொல்லுதேன். ஒரு நாளு நூலுன்னு சொல்லிருவேன், பாத்துக்கிடுங்க."

"சொல்லிப் பாருங்க. அன்னைக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியேதான் நிப்பீங்க. போய்க் கழற்றி வச்சிட்டு வாங்க."

சுடலைமணியின் பணி, சட்டத்தின் சொற்படி, "துணை நிற்பவர்". ஆய்வர் உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் நான்கடி தள்ளி, மின்கடத்தாக் கொக்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆய்வரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் கொக்கியை இடுப்பில் போட்டு இழுக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் இழுத்ததில்லை. தம் பணியில் செய்வதற்கு ஒன்றுமே இல்லாதபடி பார்த்துக்கொள்ளும் பெண் என்று இன்பரதியைப் பற்றி அவர் தம் வீட்டில் பெருமையாகச் சொல்வதுண்டு.

அன்று கூடத்தில் நின்றது ஒரு வேன். அதன் உடைமையாளர் தொம்மை, தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர், வயது ஐம்பத்தேழு. அவருடைய மனைவி செலஸ்டினா தூக்குச்சட்டியும் தண்ணீர்ப் புட்டியுமாகக் காத்திருப்போர் பலகையில் உட்கார்ந்திருந்தார். புகார் ஒரே வரி: வண்டி அறுபது விழுக்காட்டுக்கு மேல் மின்னூட்டம் ஏற மறுக்கிறது.

"மறுக்கிறது" என்பது வெறும் பேச்சு வழக்கு அன்று. வண்டிகளின் மின்கலத்தை ஆளும் பெட்டிகள் தாமாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பின் ஒரு சட்டம் வந்தது. மின்னூட்டத்தால் மனிதர் எவருக்கேனும் தீங்கு நேரும் என்று பெட்டி கருதினால், அது மின்னூட்டத்தை மறுக்கலாம். உடைமையாளருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மறுப்பை நீக்கும் அதிகாரம் உறுதிமொழி எடுத்த ஆய்வருக்கு மட்டுமே உண்டு. நீக்கிய பிறகு நேரும் எதற்கும் கையொப்பமிட்டவரே பொறுப்பு. இன்பரதி இதுவரை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முடிவுகளில் கையொப்பமிட்டிருந்தார். ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள பேப்பரு வேணும் மேடம்" என்றார் தொம்மை. "நாளைக்கு ஆகஸ்ட் பதினஞ்சு, லீவு. அப்ப இன்னைக்குத்தான்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"நின்னு கெடக்குத மத்தியான நடையத் திரும்ப ஓட்டுவனா மாட்டனான்னு பஸ் ஆபீசுல எழுதிக் குடுக்கணும். இல்லன்னா ஆளில்லா பஸ்ஸுக்குப் போயிரும்."

இன்பரதி வேலையைத் தொடங்கினார். முதலில் கண், பிறகு மூக்கு. மின்கலப் பெட்டியின் அடியில் வீக்கமோ கசிவோ கருகலோ இல்லை. மீன் வாடை மட்டும் நிறைய இருந்தது. பிறகு சின்ன பேட்டரி: வண்டி உறங்கும்போது பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட், விழித்தபின் பதினான்கு புள்ளி இரண்டு. குறையில்லை. சாவியை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சின்ன பேட்டரியின் இணைப்பை அகற்றினார். ரப்பர் கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே அடைபட்ட காற்றைக் கன்னத்தருகே வைத்து, எங்கேனும் கசிகிறதா என்று பார்த்தார். அதன் பிறகே, மின்கலத்தின் வழியை அறுக்கும் துண்டிப்புக் கட்டையை உருவித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் அறியாமல் வேறு எவரும் அதைத் திரும்பச் செருகிவிடக் கூடாது என்பது விதி.

உருவியதும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் மேடம், கட்டையத்தான் உருவியாச்சே. இன்னும் என்னத்துக்குச் சும்மா நிக்கணும்?" என்று கேட்டார் தொம்மை.

"பத்து நிமிஷம் நிக்கணும். மின்கலத்திலிருந்து வர்ற வழியை அறுத்தாச்சு. ஏற்கெனவே வந்தது உள்ளே மின்தேக்கியில தங்கியிருக்கும். நானூறு வோல்ட். அது தானா வடியணும்."

"கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்ச பொறவும் தாய்மாமன் கெளம்ப மாட்டாருல்லா அண்ணாச்சி, அது மாதிரி" என்று விளக்கினார் சுடலைமணி, கொக்கியை அசைக்காமல்.

தொம்மை சிரித்தார். சிரிக்கும்போதும் அவருடைய இடக்கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. வந்ததிலிருந்து அது வெளியே வரவில்லை என்பதை இன்பரதி கண்டார். படிவத்தில் அதற்கு இடமில்லை என்பதால் எழுதவில்லை.

"ஆளில்லா பஸ்ஸு வந்தா உங்க பயணிகளுக்கு நல்லதுதானே?"

"நம்ம பயணிங்க யாரு மேடம்? மீன்காரப் பொம்பளைங்க. காலையில ஒரு கூட்டம் ஏரலுக்கு, மத்தியானம் பதினெட்டுப் பேரு சாத்தான்குளத்துக்கு. கூடையிலருந்து தண்ணி சொட்டும்ல? சொட்டுனா ஆளில்லா பஸ்ஸு, 'வாகனத்தில் திரவக் கசிவு'ன்னு சொல்லிக் கதவ மூட மாட்டேங்குது. நடு ரோட்டுல நிக்கும். எங்க ரொசாரி அக்கா ஒரு தடவ அதுகூட முக்கால் மணி நேரம் சண்ட போட்டா. கடைசியில அக்காதான் எறங்குனா."

"மத்தியான நடைக்கு எவ்வளவு வேணும்?"

"போயிட்டு வர எம்பது வேணும். அறுவதுல நின்னா மறுநாளு காலை நடைக்குத்தான் காணும்."

பத்து நிமிடம் முடிந்தது. இன்பரதி மீட்டரை முதலில் சுவரிலிருந்த சோதனை முனையில் வைத்து, அது உண்மை சொல்கிறதா என்று பார்த்தார். பிறகு வண்டியில் வைத்தார்: சுழியம். பிறகு மறுபடியும் சுவரில் வைத்தார். இடையில் மீட்டரே செத்திருந்தால் அந்தச் சுழியத்துக்குப் பொருளில்லை. மூன்று அளவுகளையும் எழுதினார். மின்காப்பு சரியாக இருந்தது; வடங்கள் சரியாக இருந்தன; மின்னூட்டும் கருவி சரியாக இருந்தது. எஞ்சியது வண்டியின் பக்கவாட்டில், செருகி வந்து நுழையும் வாய் மட்டுமே.

அதற்குள் விளக்கையும் சிறு கண்ணாடியையும் நீட்டியவர் வெகுநேரம் நிமிரவில்லை.

மின்முள் ஒன்றின் பக்கத்தில் கறுத்த குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் குண்டூசி முனையளவு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே செருகியைப் பிடுங்கினால் பறக்கும் பொறி அப்படித்தான் தின்னும். அப்படிப் பிடுங்க முடியாதபடி செருகியில் ஒரு பூட்டு நாக்கு இருக்கும். அதை அழுத்தினால் முதலில் மின்சாரம் நிற்கும், பிறகே செருகி கழலும். தொம்மை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த செருகியை இன்பரதி எடுத்துப் பார்த்தார். நாக்கு மொழுக்கென்று இருந்தது.

"இதை அரத்தால ராவினது யாரு?"

"நான்தான் மேடம். உப்புக் காத்துல பூத்துப் போயி, கன்னு, இந்தச் செருகிதான், கழண்டு வரவே மாட்டேங்குது. எங்க தெருவுல எல்லாரும் ராவித்தான் வச்சிருக்கோம்."

"எத்தனை வீடு?"

"ஒரு நாப்பது இருக்கும்."

இன்பரதி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அது அவருடைய பெருங்கோபம் என்பது சுடலைமணிக்கு மட்டுமே தெரியும். அந்த நாற்பது வீடுகளும் அடுத்த வாரத்து வேலைப் பட்டியலில் ஏறிவிட்டன.

சின்ன பேட்டரியை மட்டும் இணைத்து, ஆய்வருக்குரிய திறவுகோலைச் செலுத்தி, மின்கலத்தை ஆளும் பெட்டியின் நினைவைத் திறந்தார். பெட்டி உடைமையாளரிடம் காரணத்தை மறைக்கலாம். ஆய்வரிடம் மறைக்க முடியாது.

ஜூலை முதல் நாள் தொடங்கி இருபத்தாறாம் நாள் வரை, காலை பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், மின்னூட்டம் சரியாக அறுபதில் சட்டென்று அறுந்திருந்தது. மொத்தம் இருபத்து மூன்று முறை. இருபத்தாறு நாள்களில் மூன்று நாள் மட்டும் அறுபடவில்லை. அந்த மூன்றும் எந்த நாள்கள் என்று எண்ணிப் பார்த்தார். மூன்றும் ஞாயிறு.

பழுதுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்று இன்பரதி நினைத்தார்.

ஜூலை இருபத்தேழிலிருந்து அறுபடுதல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் பெட்டியே, ஞாயிறு உட்பட நாள்தோறும், அறுபதைத் தொட்டதும் மின்சாரத்தை நிறுத்திக்கொண்டது. காரணம் ஒரே வரியில் இருந்தது: "அறுபதில் ஒருவர் செருகியைக் கையால் பிடுங்குகிறார், பொறி பறக்கிறது, அவர் வருமுன் நிறுத்துகிறேன்."

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு தொம்மையின் பக்கம் திரும்பினார்.

"மின்கலம் நல்லாயிருக்கு. மின்னூட்டக் கருவியும் நல்லாயிருக்கு. மின்முள்ளையும் செருகியையும் மாத்தணும். ஒரு மணி நேர வேலை, எங்ககிட்டயே இருக்கு. மாத்திட்டா நூறு வரைக்கும் ஏறும்."

இந்தச் சொற்களைக் கேட்டவர்கள் இதுவரை கும்பிட்டிருக்கிறார்கள், ஒருவர் அழுதுமிருக்கிறார். தொம்மையின் முகமோ தொங்கிப் போயிற்று.

"ஒண்ணுமே இல்லையா மேடம்? நல்லாப் பாத்தீங்களா? பெருசா எதாச்சும் இருக்கும்."

"இல்லை."

"எழுதிக் குடுக்குத மாதிரி எதாச்சும்?"

"இல்லாததை எழுதித் தர்ற இடம் இது இல்லை. சுடலைமணி, இவரைக் கூட்டிக்கிட்டுப் போய் டீ வாங்கிக் குடுங்க. அரை மணி நேரம் கழிச்சு வாங்க."

இருவரும் போனபின் இன்பரதி கையுறைகளைக் கழற்றிவிட்டுக் காத்திருப்போர் பலகைக்குச் சென்று செலஸ்டினாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். செலஸ்டினாவுக்கு ஐம்பத்து மூன்று வயது இருக்கும். பச்சைச் சேலை, அதன் முந்தானை ஓரத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு ஓட்டைகள், ஒவ்வொன்றின் விளிம்பும் பழுப்பாகக் கருகியிருந்தது.

"முந்தானையைச் சுத்திக்கிட்டுத்தான் இழுப்பீங்களா?" என்று கேட்டார் இன்பரதி.

செலஸ்டினா முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டார். பிறகு, மறைக்க நேரம் கடந்துவிட்டதென்று அறிந்து, அவிழ்த்துவிட்டார்.

"கை சுடும்ல மேடம்."

"சுடுறதோட போயிருக்கு. அதுக்கு நீங்க எந்தக் கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்துனாலும் தகும். அது மின்சாரம் பாயுற முள்ளு. ஏன் இழுத்தீங்க?"

"அவுககிட்டச் சொல்லிருவீங்களா?"

"நீங்க முதல்ல எனக்குச் சொல்லுங்க."

செலஸ்டினா வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவுகளுக்கு எடது கை நிக்க மாட்டேங்குது. காலையில ஒண்ணும் தெரியாது. மத்தியானம் சாப்பிட்ட பொறவு ஆடும். ஜூன் கடைசியில சாத்தான்குளத்து நடையில நானும் போனேன், எங்க சித்தி வீட்டுக்கு. திரும்பி வாறப்ப வண்டி ரெண்டு தடவ கோட்டத் தாண்டுச்சு. எதுக்க லாரி. பின்னாடி பதினெட்டுப் பொம்பளைங்க ஒறங்கிக்கிட்டு வாறாளுவ. அவுக ஒண்ணும் நடக்காத மாதிரி பாட்டு போட்டாக. நானும் ஒண்ணும் பாக்காத மாதிரி வெளிய பாத்தேன்."

"அவர்கிட்டப் பேசலையா?"

"முப்பது வருஷமா ஓட்டுதாக மேடம். ஒரு கீறல் கெடையாது. அந்த மனுசன்கிட்ட, ஒங்க கை நிக்கல, எறங்குங்கன்னு நான் எப்பிடிச் சொல்ல? அதான், காலை நடை முடிஞ்சு வந்து அவுக படுத்து ஒறங்குதப்ப, அறுவதுல புடுங்கிருவேன். மத்தியானத்துக்குப் பத்தாது. எழும்பி வந்து வண்டியத் திட்டுவாக. திட்டட்டும். வண்டிக்கென்ன ரோசமா?"

"இப்பவும் இழுக்கறீங்களா?"

"நேத்து வரைக்கும்."

"பதினெட்டு நாளா நீங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டி மின்சாரத்தை நிறுத்திடுது. உங்க கையில பொறி படக் கூடாதுன்னு."

செலஸ்டினா வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் நெனச்சேன்," என்றார் மெதுவாக, "இப்பல்லாம் சுடலையேன்னு. பழகிப் போச்சாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

இன்பரதி எழுந்து சென்று மின்முள்ளை மாற்றத் தொடங்கினார். சுடலைமணி திரும்பிவந்து கொக்கியோடு நின்றார். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மீண்டும் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. முடிவை எழுதுவதுதான் மதியம் கடந்தும் முடியவில்லை.

மறுப்புக்கான காரணம் நீங்கிவிட்டது. ஆகவே மறுப்பு நீக்கப்படுகிறது என்று எழுத வேண்டும். அது உண்மை. எழுதினால் வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கை பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு சாத்தான்குளத்துக்குப் புறப்படும். எழுதாமல் பழுது என்று குறித்தால் பொய். ஓட்டுநரின் உடலைப் பற்றி மின்னூட்ட ஆய்வர் கேட்கவோ எழுதவோ கூடாது. அது வேறு அலுவலகத்தின் வேலை. அங்கே தெரிவித்தால் மறுநாளே ஓட்டுநர் உரிமம் முழுவதும் போகும். வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஓட்டுநர் கிடைக்காவிட்டால் காலை நடையும் மதிய நடையும் ஆளில்லா பேருந்துக்கே போகும். கூடைக்காரிகள் நடுச்சாலையில் நிற்பார்கள்.

"மேடம்," என்றார் சுடலைமணி, இன்பரதி பேனாவை மூடி மூடித் திறப்பதைப் பார்த்து, "பேசாம அளவ ஒண்ணு கூட்டிக் கொறச்சுப் போட்டா என்ன? யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

சுடலைமணி கொக்கியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

மணி மூன்றே முக்காலுக்கு இன்பரதி கணவன் மனைவி இருவரையும் மேசைக்கு அழைத்தார். கண்டறிந்தவற்றைக் கையொப்பத்துக்கு முன் உடைமையாளருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. செலஸ்டினாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லியிருந்தார்: "நான் எழுதியிருக்கிறதைத்தான் படிப்பேன். பேர் எழுதலை. மிச்சத்தை நீங்க சொல்லணும். நீங்க சொல்லலைன்னா மறுப்பை நீக்கிக் கையெழுத்துப் போட மாட்டேன். போடாததுக்கான விளக்கத்தை எனக்கு மேல இருக்கிறவங்களுக்கு நானே எழுதிக்கிறேன்." தம் பணிக்காலத்தில் அவர் அப்படி ஒரு விளக்கம் எழுதியதே இல்லை.

படித்தார். சின்ன பேட்டரி, மின்காப்பு, வடங்கள். பிறகு: "செருகியின் பூட்டு நாக்கு அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. அதன் விளைவாக, மின்னோட்டம் நிற்காமலே செருகியை ஒருவர் இருபத்து மூன்று முறை பிடுங்க முடிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பொறி பறந்திருக்கிறது. மின்முள்ளில் குழிகள் உள்ளன."

செலஸ்டினா வாயைத் திறந்தார். அதற்குள் தொம்மை கேட்டார்:

"பொறி பறந்திச்சா?"

"ஆமா."

"ஆளுக்கு என்ன ஆயிருக்கும் மேடம்?"

"கை ஈரமா இருந்து முள்ளுல பட்டிருந்தா, ஆள் இருந்திருக்க மாட்டாங்க."

தொம்மை மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ மீன் கழுவுன கையோடதான வருவ?"

செலஸ்டினாவுக்கு அந்தக் கேள்வி விளங்க ஒரு கணம் ஆயிற்று.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மூணாம் நாளே தெரியும். ஒறங்குனாத்தான? இந்தக் கை எங்க ஒறங்க விடுது? கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். நீ செருப்பக் கழத்திட்டுப் பம்மிப் பம்மிப் போறது ஜன்னல் வழியாத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா தெனமும் வண்டிய அந்தத் திட்டு திட்டுனீங்க!"

"பொறவு, ஒன்னையா திட்டுவேன்?"

சுடலைமணி கொக்கியை மூலையில் சாத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"அப்போ எதுக்கு இங்கே புகார் குடுத்தீங்க?" என்று கேட்டார் இன்பரதி.

தொம்மை மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "வண்டி கெட்டுப் போச்சுன்னு நீங்க ஒரு பேப்பரு குடுப்பீங்கன்னுதான். அதக் காட்டி மத்தியான நடைய விட்டுரலாம்னு இருந்தேன். கைன்னு சொல்ல வேண்டாம் பாருங்க. இவளுக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிடலாம். இவ ஏதோ செருகியக் கழத்துதான்னுதான் இருந்தேன். நெருப்பு பறக்கும்னு ஆண்டவர் அறிய எனக்குத் தெரியாது, மேடம். அந்த நாக்க ராவுனவன் நான்."

"எல்லா வீட்டுலயும்தான் ராவிருக்காக" என்றார் செலஸ்டினா.

"எல்லா வீட்டுலயும் பொஞ்சாதி இழுக்கலல்லா?"

காற்று தகரக் கூரையை ஒருமுறை தூக்கிப் போட்டது.

"வண்டி கெடலை" என்றார் இன்பரதி. "கெட்டுப் போச்சுன்னு நான் எழுத மாட்டேன். ஆனா இந்தப் படிவத்துல, 'மறுப்பு நீங்கிய பின் வண்டியை இயக்குபவர்'னு ஒரு வரி இருக்கு. அதை நிரப்பறது உடைமையாளர். ஏன் அந்தப் பேர்னு யாரும் கேக்க முடியாது. நானும் கேக்க முடியாது. மத்தியான நடைக்கு வேற யாராவது கிடைச்சா..."

"நம்ம தெருவுல யாரு இருக்கா?" என்று தொம்மை தொடங்கினார்.

"எனக்கு லைசென்ஸ் இருக்கு" என்றார் செலஸ்டினா.

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பா மீன் வண்டிய நான்தான ஓட்டுனேன்? பஸ் வண்டிக்கும் எடுத்திருக்கேன். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ரேசன் கடைக்குன்னு சொல்லிட்டுப் போவேன்."

"என்கிட்டச் சொல்லவே இல்லியே!"

"கேட்டீங்களா? கைய வச்சா, 'ஏ, தொடாத, கியர் போயிரும்'பீங்க. இந்த வண்டிக்குக் கியரே கெடையாது."

சுடலைமணி இருமினார். தொம்மைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியவில்லை.

"மத்தியானம் மட்டும் நான் ஓட்டுதேன்" என்றார் செலஸ்டினா. "காலை நடை ஒங்களுக்கு. காலையில கை நல்லாத்தான இருக்கு?"

இன்பரதி எதிர்பார்த்ததும் அவ்வளவே. பேனாவைத் தொம்மையின் பக்கம் நகர்த்தினார். அதே மூச்சில், தம் அதிகாரத்துக்கு வெளியே முதல்முறையாக ஒன்றைச் சொன்னார்: "இது என் வேலை இல்லை. ஆனாலும் சொல்றேன். வெள்ளிக்கிழமை அவங்க சாத்தான்குளம் போகும்போது நீங்க நரம்பு டாக்டரைப் பாக்கணும்."

தொம்மை பேனாவை எடுக்கவில்லை. முதலில் பைக்குள்ளிருந்த இடக்கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். மணி நாலு, மதியம் தாண்டியிருந்தது. படிவத்தின் ஓரம் அந்தக் கையின் கீழ் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் அதை மறைக்க முயலவில்லை. அது அடித்துக்கொள்வதை எல்லாரும் பார்க்கட்டும் என்பதுபோல் சற்று நேரம் விட்டுவைத்தார்.

"காலையில நல்லாருக்குன்னு இவ சொல்லுதா" என்றார். "போன வாரம் ஏரலுக்கு முன்னாடியே ஒரு தடவ ஆடுச்சு. இவளுக்குத் தெரியாது. நான் பாட்டச் சத்தமா வச்சேன்."

செலஸ்டினா அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நடைக்கும் இவ பேரே போடுதேன் மேடம். நான் கூடயே போறேன். கூடைய ஏத்தணும் எறக்கணும்ல? ரொசாரி அக்கா கூட எவனாச்சும் சண்ட போடணும்ல? டாக்டரு ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தா, அப்பப் பாத்துக்கிடுவோம். இல்லன்னா இவளுக்கு வழி சொல்லிக்கிட்டே வாறேன்."

"வழி எனக்குத் தெரியும்" என்றார் செலஸ்டினா.

தொம்மை வலக்கையால் எழுதத் தொடங்கினார். காகிதம் அசைந்தது. அவருடைய கையைத் தொடாமல், காகிதத்தின் மேல் மட்டும் தம் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார் செலஸ்டினா. இயக்குபவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கீழே கையொப்பமிட்டார் தொம்மை. இன்பரதி ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தார். "மின்னூட்ட அமைப்பில் குறையில்லை, மறுப்பு நீக்கப்படுகிறது" என்ற வரியை நிறைவுசெய்து, நாள், மணி நாலு பன்னிரண்டு என்று குறித்து, அதன் அடியில் தம் கையொப்பத்தை இட்டார். மை உலரும்வரை காத்திருந்தார்.

வழக்கப்படி உடைமையாளரிடம் நீட்டினார்.

"அவகிட்டக் குடுங்க மேடம்" என்றார் தொம்மை. "ஓட்டப் போறது அவதான."

செலஸ்டினா முந்தானையில் இரு கைகளையும் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டார்.